நம்பிக்கை என்ற சொல்லின் இரு பொருள்: மனித விண்வெளிப் பயணங்களும் மக்கள் மனமும்

2025 மார்ச் 18ஆம் நாள், ஃபுளோரிடா கரையை ஒட்டிய கடலில், நான்கு பாராசூட்டுகள் விரிய, சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து ஒரு டிராகன் விண்கலம் வந்து இறங்கியது. நாசாவின் விண்வெளி வீரர்கள் சுனிதா வில்லியம்ஸ், புட்ச் வில்மோர் ஆகியோருடன் மேலும் இருவர் அதற்குள் இருந்தனர். கலத்தை மீட்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது அதைச் சுற்றி டால்பின்கள் நீந்தின. அந்தக் காட்சியை நேரலையில் பார்த்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த நால்வரில் எவரையும் நேரில் கண்டதில்லை. இருந்தும், நெடும்பயணம் போன வீட்டு ஆள் ஒருவர் நல்லபடியாகத் திரும்பிவிட்டார் என்பதைப் போன்ற நிம்மதியை அவர்கள் உணர்ந்தார்கள்.

அதே நாள்களில் வேறு கேள்விகளும் எழுந்தன. எட்டு நாளில் முடிய வேண்டிய சுனிதா, வில்மோர் இருவரின் பயணம் 286 நாளாக நீண்டது எப்படி? அவர்கள் அங்கே சிக்கிக்கொண்டார்களா? இத்தனை ஆபத்தும் இவ்வளவு செலவும் தாங்கி மனிதர்களை மேலே அனுப்பத்தான் வேண்டுமா? காலையில் கண்கலங்கிப் பார்த்த ஒருவரே மாலையில் செலவுக் கணக்கைக் கேட்கும்போது, அது முரண்பாடாகத் தோன்றுகிறது. வியப்பு, நம்பிக்கை, ஆதரவு ஆகிய மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் அப்படித் தோன்றுகிறது. மூன்றுக்கும் பிறப்பிடம் வேறு, ஆயுளும் வேறு. அவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

400 கி.மீ. என்பது எவ்வளவு தூரம்?

விண்வெளி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்று இயற்கை கோடு போட்டு வைக்கவில்லை. கடல் மட்டத்திலிருந்து 100 கி.மீ. உயரத்தை எல்லையாகக் கொள்வது உலக அளவில் பரவலான வழக்கம். இதற்குக் கார்மன் கோடு என்று பெயர். அமெரிக்க அரசு அமைப்புகள் ஏறத்தாழ 80 கி.மீ. உயரத்தையே எல்லையாகக் கொள்கின்றன. 1961 முதல் இன்றுவரை அறுநூறுக்கும் மேற்பட்டோர் விண்வெளிக்குச் சென்றிருக்கிறார்கள். அவர்களில் 1968 முதல் 1972 வரையிலான நான்கு ஆண்டுகளில் நிலவு வரை சென்றவர்கள் 24 பேர். அதன் தரையில் நடந்தவர்கள் 12 பேர். அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக எந்த மனிதரும் நிலவை நோக்கிப் புறப்படவில்லை.

சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. மேசை மேல் வைக்கும் 30 செ.மீ. விட்டமுள்ள ஒரு பூமி உருண்டையைக் கற்பனை செய்துகொண்டால், அந்த நிலையம் உருண்டையின் மேற்பரப்பிலிருந்து ஒரு செ.மீ.க்கும் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கும். அதே அளவில் நிலவை வைக்க வேண்டுமானால் ஒன்பது மீட்டர் தள்ளி, பெரும்பாலும் வீட்டுக்கு வெளியேதான் வைக்க வேண்டிவரும். செய்திகளில் இரண்டும் 'விண்வெளி' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவதால் இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை.

நிலையத்தில் இருப்பவர்கள் மிதப்பதற்குக் காரணம் அங்கே ஈர்ப்பு விசை இல்லாதது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த உயரத்தில் பூமியின் ஈர்ப்பு தரையில் உள்ளதில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. நிலையமும் அதற்குள் இருப்பவர்களும் சேர்ந்தே பூமியை நோக்கி விழுந்துகொண்டே இருக்கிறார்கள். மணிக்கு ஏறத்தாழ 28,000 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டிலும் விரைவதால், அவர்கள் விழுகின்ற அளவுக்குப் பூமியின் தரையும் வளைந்து விலகிப்போகிறது. ஓயாமல் விழுந்தும் தரையைத் தொடாத அந்த நிலையத்தில், 2000 நவம்பர் 2 முதல் ஒரு நாள்கூட இடைவெளியின்றி மனிதர்கள் வாழ்ந்து வருகிறார்கள்.

வியப்பின் நான்கு வாயில்கள்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் வியப்பை 'மருட்கை' என்று குறிப்பிட்டு, அது பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். விண்வெளிப் பயணத்தைக் கனவிலும் கண்டிராத காலத்து வகைப்பாடு இது. ஆனாலும், மனித விண்வெளிப் பயணம் ஏன் நம்மை வாய்பிளக்க வைக்கிறது என்பதை விளக்க இதைவிடப் பொருத்தமான சட்டகம் கிடைப்பது அரிது.

1. புதுமை. 1961 ஏப்ரல் 12 அன்று, விண்வெளிக்குச் சென்ற முதல் மனிதரான யூரி ககாரின் புறப்பட்டு, பூமியை ஒருமுறை சுற்றி, 108 நிமிடங்களில் பயணத்தை முடித்தார். அவர் சென்ற வோஸ்டாக் கலம் தரையில் மோதும் வேகம் உள்ளிருப்பவருக்கு ஆபத்தானது என்பதால், சுமார் 7 கி.மீ. உயரத்தில் கலத்திலிருந்து வெளியேற்றப்பட்டுத் தனிப் பாராசூட்டில் இறங்கினார். வோல்கா ஆற்றுக்கு அருகே வயலில் இருந்த ஒரு மூதாட்டியும் அவருடைய பேத்தியும், ஆரஞ்சு நிற உடையும் வெள்ளைத் தலைக்கவசமும் அணிந்து தங்களை நோக்கி நடந்துவந்த உருவத்தைக் கண்டு பின்வாங்கினார்கள். தானும் அவர்களைப் போன்ற சோவியத் மனிதன்தான் என்று சொல்லி அவர்களின் அச்சத்தைத் தணித்த ககாரின், மாஸ்கோவுடன் பேசத் தொலைபேசி எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். மருட்கை என்ற சொல்லுக்குள் மருட்சியும் இருக்கிறது என்பதை அந்த வயல் காட்சி காட்டிவிடுகிறது.

2. பெருமை. இங்கே இதன் பொருள் பருமன். அமெரிக்காவின் நிலவுப் பயணத் திட்டமான அப்போலோவின் பயணிகளை ஏற்றிச் சென்ற சாட்டர்ன் 5 ராக்கெட் 110 மீட்டர் உயரம். எரிபொருள் நிரப்பிய நிலையில் அதன் எடை 2,900 டன்னுக்கு அருகில். அவ்வளவு பெரியதில் பூமிக்குத் திரும்பியது ஏறத்தாழ ஐந்து டன் எடையுள்ள ஒரு கூம்பும், அதற்குள் இருந்த மூன்று பேரும் மட்டுமே.

3. சிறுமை. நான்கிலும் ஆழமாகப் பதிந்தது இதுதான். 1968 டிசம்பர் 24 அன்று, ஃபிராங்க் போர்மன், ஜிம் லவல், பில் ஆண்டர்ஸ் ஆகிய மூவருடன் அப்போலோ 8 நிலவை நான்காம் முறையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நிலவின் தரையைப் படம்பிடிப்பதுதான் ஆண்டர்ஸின் வேலை. கலம் மெல்லத் திரும்பியபோது, நிலவின் சாம்பல் நிற விளிம்புக்கு மேலே நீலமும் வெள்ளையுமாகப் பூமி எழுந்தது. அவர் கையில் இருந்த கேமராவில் கறுப்பு வெள்ளை ஃபிலிம். அதில் ஒரு படம் எடுத்துவிட்டு, வண்ண ஃபிலிமைச் சீக்கிரம் எடுத்துத் தரும்படி அவர் லவலை அவசரப்படுத்துவது ஒலிப்பதிவில் இருக்கிறது. அந்தப் படம் பயணத் திட்டத்தின் எந்தப் பட்டியலிலும் இல்லை.

கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் பூமி முழுவதும் அதன் பின்னால் மறைந்துவிட்டதை லவல் பிற்காலத்தில் பலமுறை விவரித்தார். கணக்கும் அதற்கு ஒத்துவருகிறது: நிலவிலிருந்து பார்த்தால் பூமியின் அகலம் ஏறத்தாழ 2 பாகை, நீட்டிய கையின் கட்டைவிரலும் கிட்டத்தட்ட அவ்வளவே. நிலவைப் பார்க்கப் போனவர்கள் பூமியைப் பார்த்துவிட்டு வந்தார்கள். 1970 ஏப்ரல் 22 அன்று முதல் புவி நாள் கடைப்பிடிக்கப்பட்டபோது, அந்தப் படம் சுற்றுச்சூழல் இயக்கத்தின் கைகளில் ஏற்கெனவே இருந்தது. படம்தான் இயக்கத்தைப் பெற்றெடுத்தது என்று சொல்வது மிகை. 1969இல் கலிஃபோர்னியாவின் சான்டா பார்பரா கடலில் பெருமளவு எண்ணெய் கசிந்ததும், அதற்கு முன்பே திரண்டிருந்த கோபமும் அதற்கு வலுவான காரணங்கள். காக்க வேண்டிய பொருள் எது என்பதை ஒரே பார்வையில் காட்டும் உருவத்தை அந்தப் படம் தந்தது. அதன் பங்கு அது. பூமியை வெளியிலிருந்து பார்ப்பவர்களிடம் ஏற்படும் இத்தகைய மனமாற்றத்துக்கு, 1987இல் எழுத்தாளர் ஃபிராங்க் வைட் 'ஓவர்வியூ எஃபெக்ட்' என்று பெயரிட்டார்.

4. ஆக்கம். ஒன்று மற்றொன்றாக ஆகிவிடுவதை இது குறிக்கிறது. அப்போலோ கலங்களில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து மின்சாரமாயின. அந்த வினையில் மிஞ்சிய தண்ணீரைப் பயணிகள் குடித்தார்கள். இன்றைய விண்வெளி நிலையத்தில் வியர்வை, மூச்சில் வெளிவரும் ஈரம், சிறுநீர் ஆகிய அனைத்தும் சுத்திகரிக்கப்பட்டு மீண்டும் குடிநீராகின்றன. 2023இல் இந்த மீட்பு 98 விழுக்காட்டை எட்டியது. இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள், பூமியும் தன் நீரை இப்படித்தான் மேகமாகவும் மழையாகவும் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

தொல்காப்பியம் இந்த நான்கையும் 'மதிமை சாலா' என்ற அடைமொழியோடு சேர்த்துச் சொல்கிறது. அறிவால் அளந்து முடிக்க இயலாதவை என்பது அதன் கருத்து. 2003இல் டாக்கர் கெல்ட்னர், ஜோனதன் ஹைட் என்ற இரு உளவியலாளர்கள் பிரமிப்பை ஆராய்ந்து அதற்கு இரண்டு அடையாளங்களை முன்வைத்தார்கள்: எதிரே இருப்பதன் பேரளவை உணர்வது, நம் மனத்தில் ஏற்கெனவே உள்ள சட்டகத்துக்குள் அது அடங்காததால் சட்டகத்தையே திருத்திக்கொள்ள வேண்டியிருப்பது. இரண்டாவது அடையாளம் 'மதிமை சாலா' என்பதற்கு மிக நெருக்கமானது.

வியப்பு ஏன் விரைவில் வற்றிவிடுகிறது என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. ஒருமுறை சட்டகம் திருத்தப்பட்டுவிட்டால், அதே காட்சி மறுமுறை அதற்குள் அடங்கிவிடும். 1969 ஜூலையில் நிலவில் முதல் காலடி பதிந்ததை உலகெங்கும் ஏறத்தாழ 60 கோடிப் பேர் தொலைக்காட்சியில் பார்த்ததாக மதிப்பிடப்படுகிறது. ஒன்பதே மாதங்கள் கழித்து, 1970 ஏப்ரல் 13 அன்று, அப்போலோ 13 கலத்திலிருந்து பயணிகள் அனுப்பிய தொலைக்காட்சி நிகழ்ச்சியை அமெரிக்காவின் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் ஒன்றுகூட நேரலையாக ஒளிபரப்பவில்லை.

சதுரப் பெட்டியும் வட்டத் துளையும்

அந்த நிகழ்ச்சி முடிந்து பத்து நிமிடம் ஆவதற்குள் கலத்தின் ஆக்சிஜன் தொட்டி ஒன்று வெடித்தது. தொட்டிக்குள் இருந்த விசிறியின் மின்கம்பிகளில் உறை பழுதாகியிருந்ததே காரணம் என்பது பின்னர் தெரியவந்தது. அப்போது கலம் பூமியிலிருந்து மூன்று லட்சம் கி.மீ.க்கும் அப்பால் இருந்தது. ஜிம் லவல், ஜாக் ஸ்வைகர்ட், ஃபிரெட் ஹைஸ் ஆகிய மூவரும், நிலவில் இறங்குவதற்காகக் கொண்டுசென்ற சிறு கலத்துக்குள் புகலிடம் தேடினார்கள். இருவர் இரண்டு நாள் தங்குவதற்காகக் கட்டப்பட்ட அந்தக் கலம், மூவரை ஏறத்தாழ நான்கு நாள் தாங்க வேண்டியிருந்தது.

ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தது. ஆபத்து அவர்களின் மூச்சிலிருந்தே வந்தது. வெளிவிடும் கரியமில வாயுவை உறிஞ்ச லித்தியம் ஹைட்ராக்சைடு அடைத்த பெட்டிகள் வேண்டும். சிறு கலத்தின் பெட்டிகள் உருளை வடிவில் இருந்தன, அவை தீர்ந்துகொண்டிருந்தன. தாய்க்கலத்தில் பெட்டிகள் நிறையவே இருந்தாலும் அவை சதுர வடிவிலானவை; உருளைக்கான வட்டத் துளையில் பொருந்தாது. ஒன்றரை நாளில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது.

தரையில் இருந்த பொறியாளர்கள், கலத்தில் என்னென்ன இருக்கிறதோ அவற்றை மட்டும் மேசை மேல் பரப்பிவைத்துக்கொண்டு வழி தேடினார்கள்: பிளாஸ்டிக் பை, கையேட்டின் தடித்த அட்டை, விண்வெளி உடையின் குழாய், ஒட்டு நாடா. இவற்றால் சதுரப் பெட்டியைக் காற்றோட்டக் குழாயோடு இணைக்கும் ஓர் அமைப்பை முதலில் தாங்களே செய்து சோதித்தார்கள். பிறகு அதன் செய்முறையை ஒவ்வொரு படியாக வானொலியில் வாசித்தார்கள். படம் அனுப்ப வழியில்லை. நாடாவை எவ்வளவு நீளத்துக்கு வெட்டுவது, பையை எந்தப் பக்கம் மடிப்பது என்பதையெல்லாம் சொற்களாலேயே விளக்க வேண்டியிருந்தது. மேலே இருந்தவர்கள் குளிரிலும் களைப்பிலும் அதைக் கேட்டுக் கேட்டுச் செய்து முடித்தார்கள். கரியமில வாயுவின் அளவு இறங்கியது. ஏப்ரல் 17 அன்று மூவரும் பசிபிக் கடலில் உயிரோடு இறங்கினார்கள்.

நான்கு நாள் முன்பு அவர்களின் நிகழ்ச்சியைப் பார்க்க விரும்பாத உலகம், இந்த நாள்களில் செய்தியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இதை விபத்துகளின் மீதுள்ள கவர்ச்சி என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. மக்கள் அங்கே கண்டது ஒட்டு நாடாவும் அட்டையும் கொண்டு சாவை ஒத்திவைத்த பொறுமையான உழைப்பை. ராக்கெட்டின் நெருப்பு வியப்பைத் தந்தது. அந்தச் சதுரப் பெட்டி நம்பிக்கையைத் தந்தது.

கருவிகளை மட்டும் அனுப்பினால் போதாதா என்ற கேள்விக்கும் இங்கே ஒரு பாதி விடை கிடைக்கிறது. அறிவியல் பயனை மட்டும் கணக்கிட்டால் ஆளில்லாக் கலங்களே குறைந்த செலவில் அதிக தூரம் போகின்றன. 1990 பிப்ரவரி 14 அன்று சுமார் 600 கோடி கி.மீ. தொலைவிலிருந்து பூமியை ஒரு புள்ளியாகப் படம்பிடித்த வாயேஜர் 1 கலத்தில் யாரும் இல்லை. சிறுமை தரும் வியப்பில் அந்தப் படத்தை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் வாயேஜர் திரும்பி வர வேண்டியதில்லை. 'வந்து சேர்ந்துவிட்டார்களா?' என்ற கேள்வி, மனிதர் போகும்போது மட்டுமே பிறக்கிறது. 1967இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு விண்வெளி ஒப்பந்தம் தன் ஐந்தாம் பிரிவில் விண்வெளி வீரர்களை மனிதகுலத்தின் தூதர்கள் என்று குறிப்பிட்டு, ஆபத்தில் அவர்களுக்கு உதவுவதை எல்லா நாடுகளின் கடமையாக்கியது. பனிப்போரின் உச்சத்தில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட வாசகம் அது.

நம்புவதும் எதிர்பார்ப்பதும்

தமிழில் நம்பிக்கை என்ற சொல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. 'நாளை நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை' என்கிறோம். 'அவர் மீது எனக்கு நம்பிக்கை இருக்கிறது' என்றும் சொல்கிறோம். முதலாவது வருங்காலத்தைப் பற்றியது. இரண்டாவது மனிதரைப் பற்றியது. வேறு துறைகளில் இவை பிரிந்து நிற்கலாம். மனித விண்வெளிப் பயணத்தில் முதலாவது முழுக்க முழுக்க இரண்டாவதன் மேல்தான் நிற்கிறது. கலத்தில் அமர்பவர், தான் பார்த்தேயிராத ஆயிரக்கணக்கானோரின் கைவேலையை நம்புகிறார். பார்க்கும் மக்கள், தவறு நேர்ந்தால் அதை மறைக்காமல் சொல்லும் நேர்மை அந்த அமைப்புகளுக்கு உண்டு என்று நம்புகிறார்கள். இந்த இரண்டாவது நம்பிக்கை உடைந்தால் முதலாவதும் சேர்ந்தே விழுகிறது.

அது உடைந்த நாள் 1986 ஜனவரி 28. சாலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73ஆவது நொடியில் சிதறியது, எழுவரும் இறந்தனர். விண்வெளியிலிருந்து பாடம் நடத்துவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப் அவர்களுள் ஒருவர் என்பதால், ஏராளமான பள்ளிப் பிள்ளைகள் வகுப்பறையில் அமர்ந்து நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உந்து ராக்கெட்டின் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம் கடுங்குளிரில் விறைத்துப்போனதுதான் காரணம். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், அந்த ரப்பரின் ஒரு துண்டை இடுக்கியில் இறுக்கிப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி, வெளியே எடுத்து இடுக்கியைத் தளர்த்தியபோது, அது பழைய வடிவுக்கு உடனே திரும்பவில்லை என்பதை எல்லோர் முன்னிலையிலும் காட்டினார். மக்களை அதைவிட அதிகமாக உலுக்கியது வேறொன்று: ராக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள், குளிரில் ஏவ வேண்டாம் என்று முந்தைய இரவே வாதாடியிருந்தார்கள், அவர்களின் சொல் எடுபடவில்லை. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் அழிந்தபோதும் இதே வகைத் தவறு வெளிப்பட்டது. ஏவும்போது நுரைத் துண்டு ஒன்று இறக்கையில் மோதியதைக் கண்ட பொறியாளர்கள் மேலும் படங்கள் வேண்டும் என்று கேட்டார்கள், அவை எடுக்கப்படவில்லை.

சுனிதா வில்லியம்ஸ், வில்மோர் விவகாரத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் அது விளங்கும். நடந்தது இதுதான்:

1. 2024 ஜூன் 5 அன்று போயிங் நிறுவனத்தின் ஸ்டார்லைனர் கலத்தில், அதன் முதல் ஆளேற்றிய சோதனைப் பயணத்தில், இருவரும் புறப்பட்டார்கள். வழியில் ஹீலியம் கசிந்தது. கலத்தைத் திசைதிருப்பும் சிறு உந்துபொறிகளில் சில செயலிழந்தன.

2. பல வாரச் சோதனைக்குப் பிறகும் கோளாறின் போக்கை உறுதியாகக் கணிக்க முடியாததால், ஸ்டார்லைனரை ஆளில்லாமல் திருப்பி அனுப்ப நாசா ஆகஸ்ட் 24 அன்று முடிவெடுத்தது. அது செப்டம்பரில் பத்திரமாகவே தரையிறங்கியது.

3. செப்டம்பர் இறுதியில் புறப்பட்ட அடுத்த டிராகன் கலத்தில் நான்கு பேருக்குப் பதிலாக இருவர் மட்டுமே சென்றார்கள். காலியாக இருந்த இரு இருக்கைகள் இவர்களுக்கானவை. அந்தக் கலத்தின் வழக்கமான தங்கல் காலம் முடிந்தபோதுதான் நால்வரும் திரும்பினார்கள்.

4. ஸ்டார்லைனர் போய், அடுத்த கலம் வந்து சேரும் வரையிலான இடைவெளியில், அவசரம் நேர்ந்தால் தப்பிப்பதற்காக அப்போது நிலையத்தில் நின்றிருந்த வேறொரு டிராகனின் சரக்கு வைக்கும் இடத்தில் இருவருக்கும் தற்காலிகப் படுக்கை இடம் அமைக்கப்பட்டிருந்தது.

ஆகவே, திரும்பும் வழியே இல்லாமல் அவர்கள் சிக்கியிருந்தார்கள் என்பது சரியில்லை. திட்டமிடாமல் ஒன்பது மாதம் வீட்டை விட்டு விலகியிருக்க நேர்ந்தது என்பதும், அது எளிதான காரியம் அன்று என்பதும் உண்மை. ஸ்டார்லைனர் பத்திரமாக இறங்கியதைச் சுட்டி, அச்சம் வீணானது என்று சொன்னவர்கள் உண்டு. அந்த வாதம் ஏற்கத்தக்கதன்று. ஒரு முடிவை அதன் விளைவைக் கொண்டு மட்டும் எடைபோட முடியாது. எடுக்கும் நேரத்தில் கையில் இருந்த தகவலைக் கொண்டே எடைபோட வேண்டும். 1986இலும் 2003இலும் ஒதுக்கப்பட்ட பொறியாளரின் ஐயம், 2024இல் முடிவைத் தீர்மானித்தது. அந்தக் கடல்வெளிக் காட்சியில் மக்கள் உணர்ந்த நிம்மதிக்கு இதுவே அடித்தளம்.

மெக்காலிஃபுக்கு மாற்றாளாகப் பயிற்சி பெற்ற ஆசிரியை பார்பரா மோர்கன், 21 ஆண்டு காத்திருந்து, 2007 ஆகஸ்டில் எண்டெவர் விண்ணோடத்தில் சென்றார். விண்வெளியிலிருந்து பிள்ளைகளின் கேள்விகளுக்கு விடை சொன்னார்.

வியப்பு ஆதரவாக மாறுமா?

1960களின் அமெரிக்கா முழுவதும் நிலவுப் பயணத்துக்குப் பின்னால் ஒன்றுதிரண்டு நின்றது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அக்காலக் கருத்துக்கணிப்புகளைத் தொகுத்து ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ரோஜர் லானியஸ் காட்டுவது வேறு. அந்தப் பத்தாண்டின் பெரும்பகுதியில், அரசு விண்வெளிக்கு அளவுக்கு மீறிச் செலவிடுகிறது என்று கருதியவர்களின் எண்ணிக்கை பெரிதாகவே இருந்தது. செலவு தகும் என்ற தரப்பு பாதியைத் தாண்டியது 1969 ஜூலையை ஒட்டிய நாள்களில்தான். 1966இல் நாசாவின் பங்கு அமெரிக்க அரசின் மொத்தச் செலவில் 4 விழுக்காட்டுக்கும் மேல் இருந்தது. இன்று அது அரை விழுக்காட்டுக்கும் குறைவு.

அப்போலோ 11 ஏவப்படுவதற்கு முந்தைய நாள், 1969 ஜூலை 15 அன்று, மார்ட்டின் லூதர் கிங்குக்குப் பின் அவரது இயக்கத்தை நடத்திவந்த ரால்ஃப் ஏபர்நதி, கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டியுடனும் நூற்றுக்கணக்கான ஏழை மக்களுடனும் ஏவுதளத்துக்கு அருகே வந்தார். பசித்தவர்கள் இருக்கும் நாட்டில் இந்தச் செலவு தகுமா என்பது அவர் கேள்வி. நாசாவின் தலைவர் தாமஸ் பெயின் திறந்த வெளியில் அவரைச் சந்தித்தார். நாளை அந்தப் பொத்தானை அழுத்தாமல் விடுவதால் வறுமை தீருமென்றால் அழுத்தவே மாட்டோம் என்றார். வறுமையை ஒழிப்பதோடு ஒப்பிட்டால் நிலவுக்குப் போவது எளிய வேலை என்பதையும் ஒப்புக்கொண்டார். ஏபர்நதியோ, விண்வெளி வீரர்களின் பாதுகாப்புக்காகத் தாம் வேண்டிக்கொள்வதாகச் சொன்னார். அவருடன் வந்தவர்களில் ஒரு பகுதியினர் மறுநாள் ஏவுதலைப் பார்க்க அழைக்கப்பட்டார்கள்.

இந்தச் சந்திப்பைக் கவனித்தால் இரண்டு தவறான முடிவுகளைத் தவிர்க்கலாம். கூட்டம் கூடி ராக்கெட்டைப் பார்ப்பதைச் செலவுக்கான ஒப்புதல் என்று கொள்வது முதல் தவறு. செலவைக் கேள்வி கேட்பவரை வியக்கத் தெரியாதவர் என்று கொள்வது இரண்டாவது. ஏபர்நதி வியந்தார், வேண்டினார், கேட்கவும் செய்தார். மூன்றையும் ஒரே மனிதர் ஒரே நாளில் செய்ய முடியும்.

அந்த நம்பிக்கையில் யாருக்கெல்லாம் இடம் இருந்தது என்பதும் கேட்கப்பட வேண்டியதே. 1963இல் முதல் பெண்ணாக வாலென்டினா தெரஷ்கோவா விண்வெளிக்குச் சென்ற பிறகு, அடுத்த பெண் செல்ல 19 ஆண்டு ஆயிற்று. நிலவில் நடந்த 12 பேரும் அமெரிக்க வெள்ளை ஆண்கள். 1984இல் ராகேஷ் சர்மா சோவியத் கலத்தில் சென்றார். 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா சர்வதேச நிலையத்துக்குச் செல்லும் வரையிலான 41 ஆண்டுகளில் வேறு எந்த இந்தியக் குடிமகனும் பூமியைச் சுற்றி வரவில்லை. 2023 ஏப்ரலில் ஆர்ட்டெமிஸ் 2 பயணக் குழு அறிவிக்கப்பட்டபோது, நிலவுப் பயணம் ஒன்றுக்கு முதன்முறையாக ஒரு பெண்ணும், ஒரு கறுப்பினத்தவரும், அமெரிக்கர் அல்லாத ஒருவரும் பெயர் குறிக்கப்பட்டார்கள்: கிறிஸ்டினா கோச், விக்டர் குளோவர், கனடாவின் ஜெரமி ஹேன்சன்.

பத்து நிமிட வானொலி, ஐந்து நிமிட ஒளி

விண்வெளி நிலையத்தில், பொழுதுபோக்காக வானொலி இயக்குவோர் பயன்படுத்தும் வகையிலான ஓர் அமெச்சூர் வானொலி இருக்கிறது. முன்னேற்பாட்டோடு, பூமியில் உள்ள பள்ளிகளுடன் நிலையத்தில் இருப்பவர்கள் அதில் பேசுகிறார்கள். நிலையம் அந்தப் பள்ளியின் வானத்தைக் கடக்க ஏறத்தாழ பத்து நிமிடம்தான் ஆகும் என்பதால், பிள்ளைகள் முன்கூட்டியே வரிசையில் நின்று, ஒவ்வொருவராகக் கேள்வியைக் கேட்டு, 'ஓவர்' என்று சொல்லி நகர்கிறார்கள். தொடுவானத்துக்குக் கீழே நிலையம் இறங்கும்போது இரைச்சல் கூடி, குரல் பாதியிலேயே அறுந்துபோவதும் உண்டு.

வானொலி இல்லாதவர்களுக்குக் கண் போதும். பூமியில் மக்கள் வாழும் நிலப்பரப்பின் மிகப் பெரும்பகுதிக்கு மேல் அந்த நிலையம் கடந்து செல்கிறது. சூரியன் மறைந்த ஓரிரு மணி நேரத்துக்குள்ளோ, உதிப்பதற்குச் சற்று முன்போ, தரையில் இருட்டாக இருக்கும்போது 400 கி.மீ. உயரத்தில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். நிலையத்தின் சூரியத் தகடுகளில் பட்டுத் திரும்பும் அந்த வெயிலே நமக்கு ஒளிப்புள்ளியாகத் தெரிகிறது. விமானத்தைப் போல மினுக்காது, ஓசை இருக்காது. பிரகாசமான விண்மீன் ஒன்று மேற்குப் பக்கத்தில் எழுந்து கிழக்கு நோக்கி நிதானமாக நடப்பதைப் போல இருக்கும். அதிகம் போனால் ஐந்தாறு நிமிடம்.

மாலை நேரத்தில் பார்க்கும்போது, பல சமயம் அந்தப் புள்ளி தொடுவானம் வரை போவதில்லை. நடுவானிலேயே சிவந்து, மங்கி, சில நொடிகளில் அணைந்துவிடும். நிலையம் பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது என்று பொருள். உள்ளே இருப்பவர்களுக்கு அப்போதுதான் இரவு தொடங்கியிருக்கும்; முக்கால் மணி நேரம் ஆவதற்குள் அவர்களுக்கு மறுபடியும் விடிந்துவிடும்.